காசுக்குக் கிடைத்த நீதி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘ஸ்பானிய அமெரிக்காவின் வெள்ளி உலகுக்குத் தந்தது வாழ்வா, தாழ்வா?’ என்ற தலைப்பில், தாழ்வே என்று வாதிட வந்திருக்கிறேன்.

அந்த வெள்ளியில் அடித்த ‘எட்டு ரியால்’ என்னும் ஸ்பானியக் காசு மணிலா வழியாகச் சீனம் வரை சென்றதையும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1857 வரை செல்லுபடியானதையும் எதிரணித் தோழர் சொன்னார். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், "காசில் கலப்படம் செய்த செல்வந்தனையே கொன்ற நேர்மையான ஆட்சியைப் பழிக்கிறீர்களே, உங்களுக்கு நாணயம் உண்டா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினாரே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கதையை அவர் பாதியில் விட்டுவிட்டார். இன்றைய பொலிவியாவில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொட்டோசி. 1545-இல் அங்கே வெள்ளிமலை கண்டறியப்பட்டது. பின்னர் நாணயச்சாலையும் வந்தது. 1640-களில் அங்கே அச்சான காசில் வெள்ளி குறைந்து செம்பு கூடியதால், ஐரோப்பிய வணிகர்கள் அதைக் கையால் வாங்கவே தயங்கினார்கள். உடனே மன்னர் நான்காம் பிலிப்பின் ஆணையோடு நெஸ்டாரெஸ் மாரின் என்ற அதிகாரி வந்து விசாரித்தார். அந்தக் கலப்படத்துக்காக, வெள்ளி வணிகரான கோமெஸ் டி லா ரோச்சாவுக்கு 1650-இல் மரண தண்டனை நிறைவேறியது. பழைய காசின் மதிப்பைக் குறைத்து, 1652-இல் ஸ்பெயினின் சின்னமான ஹெர்குலிஸ் தூண்களும் கடலலையும் பொறித்த புதுக்காசையும் அடித்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது!

காசுக்கு அத்தனை விரைவாகக் கிடைத்த நீதி, அந்த வெள்ளியை வெட்டியவனுக்கு எப்போது கிடைத்தது? ஸ்பெயின் மன்னரின் பெயரால் அப்பகுதியை ஆண்ட வைஸ்ராய் டோலேடோ 1570-களில் ‘மீத்தா’ என்னும் கட்டாய வேலையைச் சுரங்கத்துக்கென வகுத்து, ஆண்களில் ஏழில் ஒருவர் என்ற கணக்கில், ஆண்டுக்குப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினரை வரவழைத்தார். அந்த முறையை ஒழிக்கும் ஆணை ஸ்பெயினிலிருந்து பிறந்தது 1812-இல். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எந்த நாணயம் உறங்கிக்கொண்டிருந்தது, தோழரே?

டிட்டிகாக்கா ஏரிக்கரையிலிருந்து அவர்கள் மனைவி மக்களோடு, லாமா என்னும் பொதிவிலங்குகளின் மேல் உணவை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் நடந்தே வந்தார்கள். கோக்கா இலையை மென்று பசியை அடக்கிக்கொண்டு, முதுகில் தாதுக்கல் மூட்டையோடு தோல் ஏணியில் ஏறினார்கள். முன்னால் ஏறியவர் தம் கட்டைவிரலில் மெழுகுவத்தியைக் கட்டிக்கொண்டார். மேலே குளிர்காற்றில் அவருடைய பிள்ளைகள் காத்திருந்தார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும் முன் அந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தத் தகப்பனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று வேண்டி அமர்கிறேன்.