மனத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

நண்பர்களே, வணக்கம். முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் வரிசையில் ஒரு சீட்டுக்கட்டு வந்துகொண்டிருக்கிறது. ஆளுக்கொரு சீட்டு, பார்க்காமல் உருவிக்கொள்ளுங்கள். பார்வையை இந்த ஒலிவாங்கியிலேயே நிறுத்தி, சீட்டுப் பிடித்த கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டுங்கள். அப்படியே மெதுவாக முன்பக்கம் கொண்டுவாருங்கள். ஏதோ அசைகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சிவப்பா கறுப்பா என்பது அப்புறம்தான். எண்ணைச் சொல்ல வேண்டுமானால் சீட்டு ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்தாக வேண்டும். "எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது" என்பவர்கள் பக்கத்தில் இருப்பவரை உங்கள் கண்மணியைக் கவனிக்கச் சொல்லிவிட்டு மறுபடி செய்யுங்கள். கண் திருட்டுத்தனமாகச் சீட்டுப் பக்கம் ஓடியிருக்கும். இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியும் அதன் அகலம் சுமார் 2 பாகைக் கோணம். நுணுக்கமாகப் பார்க்க முடிகிற பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். "உங்கள் பார்வை எப்படி?" என்று சற்று முன் கேட்டிருந்தால், ஓரம் வரைக்கும் தெளிவு என்றுதான் நிறையப் பேர் சொல்லியிருப்பீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீட்டைப் பிடித்திருந்த கணத்தில் "எண் தெரியவில்லை" என்று சரியாகத்தான் சொன்னீர்கள். தவறியது தன் பார்வையைப் பற்றி ஒவ்வொருவரும் வைத்திருந்த பொதுக் கருத்து. தன் மனத்தைத் தானே உள்ளே பார்ப்பதை அகநோக்கு என்பார்கள். இந்த இரண்டையும் அந்த ஒரே பெயரில் அழைத்ததால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

உளவியல் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய வூண்ட் கறாரான ஆள். தூண்டல், அதாவது காட்டுகிற ஒளியோ ஒலியோ, சிறியதாக இருக்க வேண்டும், அதே நிலையில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பார்ப்பவர் பழகியவராக இருக்க வேண்டும். இந்த எல்லையை ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் இருந்த உளவியலாளர்கள் தாண்டினார்கள். சிக்கலான கேள்வி கேட்டு, விடை வந்த பிறகு நினைவிலிருந்து விவரிக்கச் சொன்னார்கள். படிமமே, அதாவது மனத்தில் தோன்றும் உருவமே, இல்லாத எண்ணங்கள் உண்டு என்றார்கள். அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் டிட்ச்னர் அப்படி எதுவும் இல்லை என்றார். உனக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்ற வழக்கை எந்தப் பஞ்சாயத்தில் தீர்ப்பது? 1913-இல் அமெரிக்க உளவியலாளர் வாட்சன், அகநோக்கே வேண்டாம், நடத்தையை மட்டும் பார்ப்போம் என்றார். குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் சேர்த்துக் கொட்டிய கதைதான் அது என்பது என் கருத்து.

காரணம் கேட்கும்போதுதான் அகநோக்கு ஆக மோசமாகத் தடுக்கி விழுகிறது. உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை. நான்கு ஜோடி நைலான் காலுறைகள், எல்லாம் ஒரே ரகம். எது தரமானது என்று 52 பேரிடம் கேட்டார்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் தேர்ந்தவர்கள் 12, 17, 31, 40 விழுக்காடு. வலது ஓரம் இழுத்திருக்கிறது. ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்றபோது வைத்திருந்த இடத்தை ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரே கேட்டபோதும், அநேகமாக எல்லோரும் மறுத்தார்கள்.

2005-இல் ஸ்வீடனில் யோஹான்சன், ஹால் குழுவினர் செய்தது இன்னும் வேடிக்கை. இரண்டு முகப்படங்களைக் காட்டி, எது கவர்ச்சி என்று கேட்பார்கள். சொன்ன படத்தை மேசைமேல் கவிழ்த்துத் தள்ளிக் கையில் கொடுத்துக் காரணம் கேட்பார்கள். 15 ஜோடிகளில் மூன்றில் மட்டும் கைவித்தை: ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் மற்ற முகம் ஒளிந்திருக்கும், தள்ளும்போது முன்னால் காட்டிய படம் மேசையிலேயே தங்கிவிடும். அதன் முதுகு கறுப்பு, மேசையும் கறுப்பு. 120 பேர் கலந்துகொண்டார்கள். மாற்றிய தடவைகளில் அந்தக் கணமே பிடித்தது சுமார் 13 விழுக்காடு. மீதித் தடவைகளில் தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்குக் காரணம் சொன்னார்கள். தேர்ந்த முகத்தில் இல்லாத அம்சத்தைக்கூடச் சிலர் காரணமாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள்.

இத்தோடு கடையை மூடிவிடலாமா? கூடாது. பிரான்சில் பெத்தீத்மான்ஜான் குழுவினர் 2013-இல் இதே சோதனையில் ஒரு மாற்றம் செய்தார்கள். "ஏன்" என்று கேட்பதற்குப் பதிலாக, தேர்ந்த அந்தக் கணத்துக்கே ஆளைத் திரும்ப அழைத்துப்போய், முதலில் கண் எங்கே போனது, பிறகு என்ன ஆனது என்று படிப்படியாகச் சொல்ல வைத்தார்கள். அவர்களிடம் வழக்கமான முறையில் மூன்றில் ஒரு பங்கினர்தான் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்த முறையில் 80 விழுக்காட்டினர். மனம் அதேதான், கேட்ட விதம்தான் வேறு.

இந்தக் கேட்கும் கலையை நெடுங்காலமாகத் தீட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ஹர்ல்பர்ட். அவர் முறை இது: காதில் ஒரு பீப் கருவி. அது எப்போது ஒலிக்கும் என்று தெரியாது. நாளுக்கு ஆறு தடவை போல ஒலிக்கும். ஒலித்ததும், அதற்குச் சற்று முந்தைய கணத்தில் மனத்தில் இருந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒரு நேர்காணல். முதல் நாள் குறிப்புகள் பழக்கத்துக்குத்தான், கணக்கில் வராது. ஏனென்றால், முதல் நாளில் ஆட்கள் கணத்தைச் சொல்வதில்லை, தங்களைப் பற்றிய கருத்தைச் சொல்கிறார்கள். "பொதுவாக நான்..." என்று வாய் திறந்தாலே அந்தக் குறிப்பு கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். "நான் எப்போதும் சொற்களில்தான் யோசிப்பேன்" என்பவரிடம் பீப் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், உட்பேச்சு, அதாவது மனத்துக்குள் பேசும் பேச்சு, அரிதாகவே இருப்பதும் உண்டு. 30 மாணவர்களிடம் பார்த்ததில், மொத்தக் கணங்களில் கால் பங்கு அளவில்தான் உட்பேச்சு. ஒருவரிடம் அறவே இல்லாமலும் இன்னொருவரிடம் முக்கால் பங்குமாக வேறுபட்டது.

ஒரு வேலையைச் செய்யும்போது எண்ணம் ஓடும் விதம் தேவையென்றால், உளவியலாளர்கள் எரிக்சனும் சைமனும் 1980-இல் வகுத்த வழி உண்டு. செய்துகொண்டே வாய்விட்டு யோசிக்க விடுங்கள்; முதலில் ஓரிரு எளிய கணக்கில் பழக்குங்கள். ஆள் மௌனமானால், "பேசிக்கொண்டே இருங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று குறுக்கே கேட்டால், அவர் கணக்கை விட்டுவிட்டு உங்களுக்கு விளக்கம் தயாரிக்கத் தொடங்கிவிடுவார். செய்யும் வேலையே மாறிவிடும்.

வலியிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 1996-இல் ஆய்வாளர்கள் ரெடல்மையரும் கானமனும், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையின்போது நோயாளிகளிடம் நிமிடத்துக்கு ஒரு தடவை வலியைக் கேட்டுக் குறித்தார்கள். பிறகு மொத்தம் எவ்வளவு வலித்தது என்றார்கள். மொத்தமாகச் சொன்ன அளவு, உச்ச வலியையும் கடைசிச் சில நிமிட வலியையும் ஒட்டியே இருந்தது. எவ்வளவு நேரம் வலித்தது என்பது அதில் அநேகமாக ஏறவே இல்லை. ஆகவே "போன மாதம் வலி எப்படி இருந்தது?" என்று கேட்டு மருந்தளவை முடிவு செய்கிறவர்கள், மூன்று நாளாவது குறித்த நேரங்களில் சுழியத்திலிருந்து பத்துக்குள் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். அதையும் மாலையில் ஒரே மூச்சில் நிரப்பாமல், அந்தந்த வேளையிலேயே எழுதச் சொல்லுங்கள்.