சோப்புக் கட்டி வந்து சேர்ந்த ஓவியம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறுவன், தான் ஊதிவிட்ட சோப்புக் குமிழை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இங்கிலாந்து ஓவியர் ஜான் எவரெட் மில்லே 1886-இல் வரைந்த படம் இது. மாடலாக உட்கார்ந்தவன் அவருடைய சொந்தப் பேரன். அவனுக்கு ஒரு பக்கம் தொட்டியில் வளரும் செடி. மறுபக்கம் விழுந்து உடைந்த தொட்டி. ஒன்று வாழ்வு, மற்றது சாவு. குமிழோ எந்த நொடியும் உடைந்துவிடும். பார்க்கிற கண் முகத்திலிருந்து குமிழுக்குப் போய், உடைந்த தொட்டிக்கு இறங்கி, மறுபடியும் முகத்துக்கே வந்து சேர்கிறது. கண்ணை இப்படிச் சுற்றவைக்கிற அமைப்பைத்தான் ஓவியர்கள் காம்போசிஷன் என்கிறார்கள்.

அப்புறம் அந்த ஓவியம் பியர்ஸ் சோப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. முன்பக்கத்தில் ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்து விளம்பரமாக அச்சிட்டார்கள். மற்றதெல்லாம் அப்படியேதான். ஆனால் கண் இப்போது சுற்றுவதில்லை, சோப்பில் வந்து நின்றுவிடுகிறது. உடைந்த தொட்டியை யாரும் கவனிப்பதில்லை. சாவை நினைத்துக்கொண்டே யாராவது சோப்பு வாங்குவார்களா?

இதை வைத்து விளம்பரப் படம் மட்டம் என்று சொல்லமாட்டேன். பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1891-இல் மூலன் ரூஜ் என்ற பாரிஸ் நடன அரங்குக்கு வரைந்த சுவரொட்டியைப் பாருங்கள். பின்னால் கூட்டம் முழுக்கக் கறுப்பு நிழல், நடுவே ஆடுகிறவளின் வெள்ளை உள்பாவாடை. தெருவில் நடந்து போகிறவர் திரும்பும் அந்த ஒரு கணம் போதும், விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். அது லேசான வேலை இல்லை.

நானும் பத்திரிகைகளுக்கு நிறைய வரைந்தவன். "மேலே தலைப்புக்கு இடம் விடுங்கள்" என்பார்கள். எழுத்து வந்து உட்காரத்தான் அந்தக் காலி இடம். இதே காலி இடத்தை பிரெஞ்சு ஓவியர் எட்கர் தேகா என்ன செய்தார் என்று பார்த்தபோதுதான் எனக்கு வித்தியாசம் புரிந்தது. 1876 வாக்கில் அவர் முடித்த, அப்சிந்த் என்ற மதுவின் பெயர் கொண்ட ஓவியத்தில், மதுக்கடையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவரையும் வலப்பக்கமாகத் தள்ளிவிட்டார். இடப்பக்கமெல்லாம் வெறும் மேசைகள். அவற்றைத் தாண்டித்தான் நாம் அந்தப் பெண்ணிடம் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் அவளுடைய தனிமை நம்மைத் தொற்றிக்கொள்கிறது.

அந்த மேசைகளை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: ஒன்றுக்கும் கால் கிடையாது, அந்தரத்தில் நிற்கின்றன. இதையே நான் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்திருந்தால், "கால் எங்கே சார்?" என்று அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.