எச்சத்துக்கும் சேர்த்தே நன்றி

(திருநெல்வேலியில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், புரட்டாசிச் சனிக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசைப் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் கதவுக்குப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இளையவர்களுக்கும் வணக்கம்.

'பருவங்களும் நன்றியும்' என்று தலைப்பு கொடுத்துப் பேசக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் ஆபத்தான தலைப்பு. எழுந்து நின்றதும் நாக்கு தானாகவே இனிக்க ஆரம்பித்துவிடும். பனித்துளி, குயிலோசை, பௌர்ணமி நிலா என்று அரை மணி நேரம் பேசலாம், நீங்களும் கைதட்டுவீர்கள். வீட்டுக்குப் போனதும், வாசல் வேம்பு இலையைக் கொட்டிக் குப்பை பண்ணுகிறது என்று மரம் வெட்ட ஆள் தேடுவீர்கள். (சிரிப்பு) சிரிக்கிறவர்களில் சிலர் ஏற்கெனவே ஆள் சொல்லிவிட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையால் நமக்கு வருகிற சுகத்தை நினைத்து நெகிழ்வது நல்லதுதான். ஆனால் அந்தச் சுகத்துக்கு யாரோ ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விலையில் நாமும் ஒரு பங்கு ஏற்றுக்கொண்டால்தான் அதை நன்றி என்று நான் சொல்வேன்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். கணக்கு தொடங்குவதே மழையில்தான். நானும் அந்த வரிசையிலேயே போகிறேன். எல்லாப் பருவத்துக்கும் சமமாக நேரம் ஒதுக்கப் போவதில்லை. எனக்குப் பிடித்த இடத்தில் நிற்பேன்.

இந்த வாரம் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனவர்கள் தட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். தனித்தனியாக அல்ல, கூட்டமாக. தலைக்கு மேல் எங்கும் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்று ஆச்சிமார் சொல்வார்கள். வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்த வீரர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்தக் கூட்டத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், பின் இறக்கை சற்று அகலமாக ஒரு வகை இருக்கும். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். தட்டான் முட்டையிட நன்னீர் வேண்டும். மாலத்தீவில் தரைமேல் தேங்கும் நன்னீர் இல்லாத குறைதான். அப்படியானால் ஒவ்வோர் அக்டோபரிலும் இலட்சக்கணக்கில் இவை அங்கே எங்கிருந்து வருகின்றன? பல ஆண்டுகள் தேதி குறித்து வைத்தார். முதலில் தென்னிந்தியாவில், பிறகு மாலத்தீவின் வடக்கே, பிறகு தெற்கே, அதற்கும் பிறகு செஷல்ஸில், கடைசியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் என்று வரிசையாகத் தென்படுவதைக் கண்டார். 2009இல் அதை வெளியிட்டார். நம் மழையோடு சேர்ந்து உயரத்தில் வீசும் காற்றில் ஏறி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, அங்கே மழை தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்கின்றன என்பது அவர் கணிப்பு. போனதே திரும்பி வருவதில்லை. பிள்ளையோ பேரனோதான் வரும். ஒரு சுற்று முடிய நான்கு தலைமுறை ஆகலாம் என்கிறார்கள்.

கொசுவைத் தின்னும் ஒரு பூச்சி நம் மாடியில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. நாம் அதன் வழியில் இருக்கும் ஒரு பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான். அது முட்டையிட ஆழமில்லாத தண்ணீர் வேண்டும்: வயல், குட்டை, மழை தேங்கிய பள்ளம். நம் தெருக்கோடியில் இருந்த குட்டைகள் எத்தனை மனையாகிவிட்டன என்று நான் சொல்லத் தேவையில்லை. விலை என்றேனே, இது அதில் ஒன்று. ஒரு பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டுவைப்பது.

இதே நாட்களில்தான் வாய்க்கால் ஓரப் பனையிலும் கிணற்று மேல் முள்மரத்திலும் தூக்கணாங்குருவி கூடு கட்டும். ஆண்குருவி பச்சை நெல்தாளை ஓரத்தில் கடித்து, அப்படியே பறந்து நாராகக் கிழிக்கும். ஒரு கூட்டை முடிக்க 500 தடவை வரை போய் வருமாம். பாதி கட்டி, தலைக்கவசம் மாதிரி ஒரு வடிவம் வந்ததும் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் உள்ளே போய்ப் பார்க்கும். நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை, கீழ்நோக்கிய குழல் வாசல் எல்லாம். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே அரைகுறையாகத் தொங்கும். பெண் குடியேறியதும் ஐயா பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டுக்கு அஸ்திவாரம் போடுவார், வேறொரு பெண்ணுக்காக. எனவே குடும்ப ஒற்றுமைக்கு இதை உதாரணம் காட்டும் பேச்சாளர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் பேசுவது நல்லது. (சிரிப்பு) கவனித்தால் தெரியும், கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான் தொங்கும். தென்மேற்குக் காற்றுக்கு மறைவு அது.

ஐப்பசி, கார்த்திகை. அடைமழை. நமக்கு ஆண்டின் பெரும்பங்குத் தண்ணீர் இதில்தான். குளம் பெருகும், பிசானம் என்கிற நெல் போகத்துக்கு நடவு நடக்கும், வேலியில் செங்காந்தள் பூக்கும். இந்த இடத்தில் வழக்கமாக 'மழையே, நன்றி' என்று சொல்லிக் கடந்து போவார்கள். என்னால் முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஓர் ஆண்டு முழுக்க அந்த ஊரில் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி வீட்டுத் திண்ணை, கடைத்தெரு என்று பார்க்கவில்லை. வீட்டைப் பறிகொடுத்தவரிடம் போய் மழைக்கு நன்றி சொல்லுங்கள் என்றால் அவர் அடிப்பார், அடிக்கலாம். நன்றியை அடுத்தவருக்குப் புத்திமதியாகச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அதே சமயம், அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்த தண்ணீரில் விளைந்ததைத்தான் நாம் சாப்பிட்டோம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க நான் தயாராக இல்லை.

மார்கழியைச் சீக்கிரம் கடக்கிறேன். அதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒன்றே ஒன்று. கோலம் எறும்புக்குப் போடும் சாப்பாடு என்று பெருமையாகச் சொல்கிறோம். இப்போது கடையில் வாங்கும் கோலப்பொடி பெரும்பாலும் கல்பொடி. எறும்பு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. பெருமையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு பிடி பச்சரிசி மாவையாவது கலந்து கொள்ளுங்கள்.

தைப்பொங்கலில் ஒரு விசேஷம் உண்டு. அறுவடைத் திருநாள் என்று எல்லாரும் சொன்னாலும், தாமிரபரணிப் பாசனத்தில் பிசான வயல் பெரும்பாலும் தை முதல் தேதிக்கு அறுப்புக்கு வந்திருக்காது. மாசி, பங்குனி ஆகும். பொங்கல் வைக்கும்போது நம் கதிர் வயலில்தான் நிற்கிறது. இன்னும் ஒரு மழை தப்பிப் பெய்தால் சாய்ந்துவிடும். வீடு வந்து சேருமா என்று தெரியாத நெல்லுக்காகச் சூரியனுக்குப் படைக்கிறோம். கைக்கு வந்த பிறகு சொல்லும் நன்றியைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது என் இடத்துக்கு வருகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் ஓவியங்களைப் பார்க்கப் போயிருப்பீர்கள். போனவர்கள் அடுத்த தடவை கழுத்தை நிமிர்த்தி மரத்தையும் பாருங்கள். பின்பனிக் காலத்தில் அந்த ஊரின் பெரிய இலுப்பை, மருத மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, வக்கா எல்லாம் கூடு வைத்திருக்கும். ஊருக்கு வெளியே காட்டில் இல்லை. கோயிலை ஒட்டி, வீட்டை ஒட்டி.

படத்தில் பார்த்தால் அழகு. கீழே நின்று பாருங்கள். முதலில் மூக்குக்குத்தான் சேதி வரும். குஞ்சுக்குக் கொண்டுவந்த மீன் வாய் தவறிக் கீழே விழுந்து வெயிலில் கிடக்கும். ஓட்டுக் கூரை வெள்ளையாக இருக்கும், சுண்ணாம்பு அடித்ததால் அல்ல. துணி காயப்போட இடம் பார்க்க வேண்டும். குஞ்சுகள் பசி என்று கத்துவதற்கு இரவு பகல் கிடையாது. நாரைக்கு வளர்ந்த பிறகு பெரிதாகக் குரல் இல்லை, அலகைத்தான் படபடவென்று தட்டும்; அந்தக் குறையை எல்லாம் குஞ்சாக இருக்கும்போதே தீர்த்துவிடுகின்றன. மாதக்கணக்கில் இதுதான்.

அந்த ஊர் ஜனங்கள் கல் எறிந்தால் ஒரு வாரத்தில் பறவைகள் போய்விடும். எறியவில்லை. தாங்களாகவே முன்வந்து காப்பாற்றினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் ஒரு திருத்தம் வந்தது. மக்களைக் கலந்துகொண்டு, அவர்கள் வாழும் இடத்தை ஒட்டியே ஒரு காப்பகம் அறிவிக்கலாம் என்று. அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக 2005இல் அறிவிக்கப்பட்டது திருப்புடைமருதூர் பறவைகள் காப்பகம். பரப்பு 2.84 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஏழு. அந்த வகையில் நாட்டின் முதல் காப்பகம் நம் மாவட்டத்து ஏழு ஏக்கர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளமும் அப்படித்தான். அங்கே வீட்டு வாசல் வேம்பிலும் கருவேலத்திலும் நாரை கூடு கட்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டவர்கள் அந்த ஊரில் உண்டு. சத்தம் ஆகாது என்று வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு குழந்தைக்குத் தீபாவளியன்று மத்தாப்பில்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் லாபம் இல்லையா என்றால், உண்டு. பறவை எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். விவசாயிக்கு அது நன்றாகத் தெரியும். லாபம் கலந்திருப்பதால் அந்த நன்றியின் மாற்றுக் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. மாட்டுப் பொங்கலில் மாட்டைக் கும்பிடுகிறவனுக்கு உழவும் பாலும் ஞாபகத்தில் இல்லாமலா இருக்கிறது?

வெயில் காலம். பங்குனி பிறந்ததும் வேம்பு துளிர்க்கும், சித்திரையில் பூவாகக் கொட்டும். கீழே வேட்டியை விரித்து வைத்தால் காலையில் ரசத்துக்கும் பச்சடிக்கும் ஆயிற்று. கூடவே குயில் ஆரம்பிக்கும். அந்தக் 'குக்கூ' ஆண்குயிலின் குரல். அது கத்திக் காக்கையை வம்புக்கு இழுக்க, பெண்குயில் போய்க் காக்கைக் கூட்டில் முட்டை வைத்துவிட்டு வரும். காக்கை அடைகாத்து, ஊட்டி, வளர்த்துவிடுகிறது. இளவேனிலின் இசை என்று நாம் உருகுகிறோமே, அதற்குச் செலவு செய்தது காக்கை. அதே காக்கைதான் ஆனி, ஆடியில் வேப்பம்பழத்தைத் தின்று கொட்டையைக் கண்ட இடத்தில் போட்டு, யாரும் நடாத மரத்தை முளைக்க வைக்கிறது. முதல் கவளத்தைக் காக்கைக்கு வைக்கும் வழக்கம் முன்னோருக்காக என்கிறோம். குயில் பாட்டுக்கும் வாசல் நிழலுக்கும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். கணக்கு சரியாக வரும்.

முதுவேனிலில் குற்றாலச் சாரலும் நுங்கும் எனக்குப் பதில் பேசிக்கொள்ளும். ஆடிக்காற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கண்ணில் மண் அள்ளிப்போடுகிறது என்று திட்டுகிறோம். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலை சுற்றுவது அதே காற்றில்தான். திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போய் மின்விசிறியைப் போடுகிறோம்.

நேரமாகிவிட்டது என்று நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு காரியம் பாக்கி. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொதுமக்களும் மாணவர்களும் சேர்ந்து எண்ணுவதுதான். பறவைப் பெயர் தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருவார். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், காலில் சேறு படும், தொப்பியோ தலைத்துண்டோ அவசியம். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். வர விரும்புகிறவர்களுக்காக வாசல் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பெயரை எழுதிவிட்டு அப்புறம் டீக்குப் போங்கள். வணக்கம்.