கடற்கரைச் சுவரோரம் ஒரு சாவேரி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவோரத்தில் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு தேர்ந்த கலைஞரைக் கண்டதும் நாம் உடனே இரக்கப்படத் தொடங்கிவிடுகிறோம். சபாவில் இருக்க வேண்டியவர் இப்படித் தெருவுக்கு வந்துவிட்டாரே என்று உச்சுக்கொட்டி, சட்டைப்பையிலிருந்து பத்தோ இருபதோ எடுத்துப் போட்டுவிட்டு நடக்கிறோம். அவர் என்ன ராகம் வாசித்தார், அதை எப்படி வாசித்தார் என்று யாராவது கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியாது. நாகர்கோவிலில் பல ஆண்டுகளாக வயலின் கற்பித்துவருபவன் என்ற முறையில், கன்னியாகுமரிக் கடற்கரையில் நான் கேட்ட ஒரு கலைஞரின் வாசிப்பைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவருடைய கஷ்டநஷ்டங்களை நான் விசாரிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முக்கடல் கூடும் துறைக்கு இறங்கும் வழியில் மாலை ஐந்து மணிக்கு மேல் எவ்வளவு இரைச்சல் இருக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சங்கும் பாசிமாலையும் விற்பவர்களின் கூவல், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றுக்குப் பேரம், அஸ்தமனத்தைப் படம்பிடிக்க இடம்தேடும் பயணிகளின் பல மொழிப் பேச்சு, இவை அத்தனைக்கும் மேலாக ஓயாத காற்று. அதற்கு நடுவே, கடலைப் பார்த்த ஒரு கருங்கல் சுவரோரம், மடித்த சாக்கின் மேல் அமர்ந்து, வலது பாதத்தைச் சற்று முன்னே நீட்டி, கணுக்காலில் வயலினின் தலைப்பகுதியைத் தாங்கவைத்து, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாவேரி வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்குள் கைப்பேசி, கைப்பேசியில் ஆதார ஒலியான சுருதி. டப்பாவின் வாய் அவர் காதைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கேட்பவர்களுக்கு அந்தச் சுருதி எட்டாது. அது அவருக்கு மட்டுமேயான ஏற்பாடு.

சாவேரி காலை நேரத்துக்குரிய ராகம் என்று சொல்வதுண்டு; மாலையில் அதை எடுத்ததற்காக முகம் சுளிக்கும் ரசிகர்கள் எங்கும் இருப்பார்கள். ஆனால் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் பகுதிக்கு இதில் தனி நியாயம் ஒன்று உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா நவராத்திரிக்கென்று ஒன்பது கீர்த்தனைகளை இயற்றினார். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் நாளுக்கு ஒன்றாக அவை மாலை வேளையில்தான் பாடப்படுகின்றன. மூன்றாம் நாளுக்குரிய 'தேவி பாவனே' சாவேரியில் அமைந்தது. அந்த விழாவுக்காக இன்றும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னூற்றுநங்கையும் ஊர்வலமாகப் புறப்பட்டுச் செல்வதை நாம் சாலையோரம் நின்று பார்க்கிறோம். ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையை முடித்து அந்தக் கலைஞர் எடுத்ததும் அதே 'தேவி பாவனே'தான். கடற்கரையில் கூடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சாவேரி மாயாமாளவகௌளை என்ற தாய் ராகத்தின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம். ஏறும்போது காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) கிடையாது. இறங்கும்போது ஏழு ஸ்வரங்களும் வரும். ஏட்டில் இவ்வளவுதான் எழுத முடியும். ஆனால் ராகத்தின் உயிர் ரிஷபத்திலும் (ரி) தைவதத்திலும் (த) இருக்கிறது. அவற்றை அவற்றின் இடத்திலிருந்து சற்றே தாழ்த்தி அசைத்துப் பிடிக்காவிட்டால் சாவேரி வராது. அவர் மத்திமத்திலிருந்து (ம) ரிஷபத்துக்கு இறங்கியபோது நான் அவர் இடக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைத் தூக்கவே இல்லை. ஒரே விரல் கம்பியோடு ஒட்டியபடியே வழுக்கி, காந்தாரத்தில் நிற்காமல் அதைத் தொட்டுக்காட்டிவிட்டு, ரிஷபத்துக்குச் சற்றுக் கீழேயே போய், அங்கிருந்து மெல்ல ஏறி நின்றது. என் மாணவர்களுக்கு இந்த ஒரு பிடியைச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கில் ஆகிறது.

அடுத்து நான் கவனித்தது, அந்த வாசிப்பு அந்த இடத்துக்கென்றே அமைக்கப்பட்டிருந்த விதம். அரங்கத்தில் வாசிப்பவருக்குச் சுவரும் கூரையும் உதவிசெய்கின்றன. ஒலி அவற்றில் பட்டுத் திரும்பி நாதத்துக்குக் கனம் சேர்க்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஆறு டெசிபல் குறைந்துவிடும். திரும்பி வருவதற்கும் ஒன்றும் இருக்காது. அவர் கருங்கல் சுவரைத் தேர்ந்தெடுத்து முதுகைக் கொடுத்து உட்கார்ந்தது சாய்மானத்துக்காக மட்டும் இருக்க முடியாது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; அவர் அதை இரண்டரைக் கட்டை அளவுக்கு உயர்த்தி வைத்திருந்தார். வில்லை, கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு நெருக்கமாக, அழுத்தம் கூட்டி இழுத்தார். அங்கே இழுத்தால் நாதம் சற்றுக் கரகரக்கும், ஆனால் தூரம் போகும். நுட்பமான பிடிகளைக் காற்று தணியும் நேரத்துக்கென ஒதுக்கிவைத்து, காற்று ஓங்கும்போது பஞ்சமத்திலோ (ப) மேல் ஷட்ஜத்திலோ (ஸ) ஸ்வரத்தை நீட்டிக் கார்வை கொடுத்து நின்றார். சபாவில் வாசிக்கும் பலருக்கு இதெல்லாம் தேவைப்படவே செய்யாது என்பதால் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

திறந்தவெளியில் நரம்பை ஒலிக்கவைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டில் வில்லின் நாணை வீசுகோலால் அடிக்கிறார்களே தவிர மீட்டுவதில்லை. மணிகளும் குடமும் உடுக்கையும் கூடச் சேருகின்றன. வெட்டவெளியில் நிற்கும் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் தாளம் போய்ச் சேர வேண்டும் என்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும். பக்கத்தில் தாளக்காரர் எவரும் இல்லாத வயலின் அந்த வேலையை வில்லின் வெட்டிலேயே செய்ய வேண்டியிருக்கிறது. அவர் ஆதி தாளத்தின் ஒவ்வொரு சமத்திலும், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்திலும், வில்லைச் சற்று அழுத்தித் தொடங்கினார். ஓரமாக நின்ற மாங்காய் வியாபாரியின் கால் தானாகவே அசைந்துகொண்டிருந்தது.

கீர்த்தனை முடிந்த பிறகு அருகில் சென்று வணக்கம் சொன்னேன். ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. உட்கார்ந்த முறையும் விரல் வழுக்கும் முறையும் சுத்தமான கர்நாடக வழி. வில்லைப் பிடித்திருந்த கை மட்டும், கட்டைவிரல் மடங்கியும் சுண்டுவிரல் வில்லின் மேல் வளைந்தும், மேற்கத்திய பாணியில் இருந்தது. கேட்டேன். "சின்னதுல சர்ச் கொயர்ல நின்னு வாசிச்சேன் சாரே, பொறவுதான் திருவட்டாறு பக்கம் ஒரு வாத்தியார்கிட்ட உக்காந்து வாசிக்கப் படிச்சேன்" என்றார். நின்று கற்றதும் உட்கார்ந்து கற்றதும் ஒரே கையில் சேர்ந்திருந்தன.

யோசித்துப் பார்த்தால், வயலின் இந்த மண்ணுக்கு வந்த வழிகளும் இவை இரண்டுதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு நமக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் சமஸ்தான வித்துவானாக இருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் அரசவைக்கு வந்து, 1834 இல் சுவாதித் திருநாளிடமிருந்து தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். அது அரண்மனை வழி. மற்றொன்று ஆலய வழி. 1806 இல் ரிங்கல்தௌபே என்ற கிறிஸ்தவ மிஷனரி மயிலாடிக்கு வந்து மிஷன் பணிகளைத் தொடங்கிய பின் இங்கே தேவாலயங்கள் பெருகின, அவற்றோடு பாடகர் குழுக்களும் வளர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஞானப்பாட்டுக்கு வாசித்த கை, மாலையில் தேவி கீர்த்தனை வாசிப்பதில் இந்த மாவட்டத்தில் எவருக்கும் வியப்பில்லை, அவருக்கும் இருக்கவில்லை.

வாத்தியத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சாதாரண வயலின்தான். மேற்பலகையின் ஓரத்தில் ஒட்டு விட்டு, மெல்லிய நூலிழை அளவுக்குப் பிளவு தெரிந்தது. பலகைகளை ஒட்டுவது விலங்குத் தோலில் காய்ச்சிய வச்சிரம். ஈரக்காற்று அதை இளக்கிவிடும். கம்பியை முறுக்கும் பிருடைகள் ஊறிப்போய் இறுகுகின்றன, வில்லில் தேய்க்கும் ரோசின் பிசுபிசுக்கிறது, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது. ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் அவர் வேட்டி முனையால் கம்பிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை அழுத்தித் துடைத்தார். வில்லின் மயிர் பாதிதான் மிச்சமிருந்தது. மீதியில் நாதத்தைத் தேற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் உபரியாக இருந்த ஒரு வில்லைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "கொண்டாங்க, ஆனா இதோட எடை கைக்குப் பழகிப்போச்சு" என்றார். மறுத்தாரா, ஏற்றாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பேசிக்கொண்டிருந்தபோதே ஓர் இளைஞர் வந்து பழைய திரைப்பாடல் ஒன்றை வாசிக்கச் சொன்னார். தயங்காமல் வாசித்தார், சரணத்தில் பாடகர் மூச்சுவிடும் இடத்தில் வில்லும் நின்றது. கச்சேரி மேடைகளில் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம். பாடகர் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகக் கற்பதுதான் அதன் பயிற்சி. பின்தொடரும் அந்தக் காது இங்கே கூட்டத்தைப் பின்தொடர்கிறது. எப்போது சினிமாப் பாட்டு, எப்போது சாவேரி, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் முடிவெடுப்பவர் அவரே. பாடகர் இல்லாத அந்தச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை தொனித்தது. என் கருத்தும் அதுவே. அவரை ஒரு சபா மேடையில் பக்கவாத்தியமாக உட்காரவைப்பது அவருக்கு உயர்வாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பணம் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. சுவரில் கியூஆர் அட்டை ஒன்றை மாட்டியிருந்தார். சுற்றுலா வந்தவர்கள் அதில் அனுப்பினார்கள். அது அவர் வாசித்ததற்கான கூலி. பிச்சை என்று நினைத்துப் போடாதீர்கள். அரை நிமிடம் படம்பிடித்துக்கொண்டு ஒன்றும் தராமல் நகர்ந்தவர்களைப் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை என்றாலும் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது: கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், ஒரு கீர்த்தனை முடியும்வரையாவது நில்லுங்கள். நிற்பதானால் காற்று அவரைக் கடந்து உங்களை நோக்கி வரும் பக்கமாக நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் பாதி ஸ்வரம் காதுக்கு வராது.

ஆனி, ஆடியில் மழையும் காற்றும் கூடும்போது அவர் கடற்கரைக்கு வருவதில்லை. தம் ஊரிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்போது நாள்தோறும் வாசிக்கிறார். வரும் நவராத்திரிக்கு, மழை குறுக்கிடாவிட்டால், முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபி வரை, ஒன்பது கீர்த்தனைகளையும் வரிசைப்படி மாலைக்கு ஒன்றாக வாசிக்க உத்தேசித்திருக்கிறார். ஐந்தாம் நாள் பைரவி. அன்றைக்கு என் மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். வணக்கம்.