பெட்டியில் மல்லிகை, மணிக்கட்டில் என்ன?

அவையோருக்கு வணக்கம். "சென்ட்டைப் பற்றி அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று தலைவர் வாசலிலேயே கேட்டார். நல்ல சென்ட் ஒன்று தன்னைச் சொல்லி முடிக்கவே ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்றேன்.

கடையில் பெட்டியைத் திருப்பினால் டாப் நோட் பெர்கமாட், மிடில் நோட் மல்லிகை, பேஸ் நோட் வெனிலா என்று போட்டிருக்கும். அதை மசாலா பாக்கெட்டின் சேர்மானப் பட்டியல் மாதிரி படிக்கக் கூடாது. எது முதலில் பறக்கும், எது கடைசிவரை தங்கும் என்கிற வரிசை அது. பெர்கமாட் போன்ற எலுமிச்சை வகைப் பழங்களின் தோல் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். வெனிலா, சந்தனம், வெட்டிவேர் எல்லாம் மறுநாளும் சட்டையில் இருக்கும். மல்லிகை என்று எழுதியிருப்பதால் உள்ளே பூ இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மோந்ததும் மல்லிகை நினைப்பு வந்தால் போதும்.

பிரான்ஸின் கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார் சென்ட்டை எடுத்துக்கொள்வோம். 1925-இல் வந்தது. தெளித்ததும் பெர்கமாட்டின் புளிப்பும் கசப்பும்தான். அப்புறம் புகை, தோல் பை. இந்த இடத்தில்தான் பலர் முகம் சுளித்து பாட்டிலைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் அந்தப் புகைக்குள்ளிருந்து வெனிலா வரும். புகை கலந்திருப்பதால்தான் அந்த இனிப்பு திகட்டுவதில்லை என்பது என் கட்சி.

மல்லிகைக்கு வருவோம். சத்தியமங்கலம், கோவைப் பக்கம் ஆலைகளில் பூவிலிருந்து சாறு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இரவு முழுக்க மூடிய அறையில் கிடந்த மல்லிச்சரத்தை விடிந்ததும் மோந்திருக்கிறீர்களா? அதில் லேசாக ஒரு முடை இருக்கும். இண்டோல் என்ற பொருளின் வேலை அது. மலத்திலும் உண்டு, சங்கடப்படாதீர்கள். அது அறவே இல்லாத மல்லிகை சென்ட் எனக்கு சோப்பு மாதிரிதான். ஆனால் 1966-இல் டியோர் நிறுவனத்துக்காக எட்மோன் ரூத்னிட்ஸ்கா என்ற சென்ட் கலைஞர் செய்த ஓ சோவாஜ் என்ற சென்ட் விதிவிலக்கு. ஹெடியோன் என்னும் செயற்கைப் பொருளைப் போட்டு, மல்லிகையின் காற்றோட்டத்தை மட்டும் எலுமிச்சையோடு சேர்த்துவிட்டார்.

கெர்லானின் வெட்டிவேர் சென்ட் 1959-இல் வந்தது. எலுமிச்சை, ஜாதிக்காய், புகையிலை எல்லாம் ஒழுங்காக வருகின்றன. ஆனாலும் எனக்கு ஏதோ குறைந்தது. நமக்குப் பழக்கமான வெட்டிவேர் நனைந்தது. பானையில் ஊறியது, தண்ணீர் தெளித்த தட்டியில் தொங்குவது. அவர்களுடையது காய்ந்தது. கோட்டு சூட்டுக்கு அதுதான் பொருந்தும், சரி.

இங்கே ஒரு சீட்டு வந்திருக்கிறது: "மண்வாசனையை பாட்டிலில் அடைக்க முடியுமா?" உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அடைக்கிறார்கள். சுட்ட மண்ணைச் செப்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். மிட்டி அத்தர் என்று பெயர். எனக்கு அது மழையாகத் தெரியவில்லை. புதுப்பானையில் ஊற்றிய முதல் தண்ணீர். நேரம் போகப்போகச் சந்தனம் மேலே வந்துவிடும். சந்தன எண்ணெய் விலை ஏறியதால் இப்போது பலர் லிக்விட் பாரஃபினில் இறக்குகிறார்கள். எதில் இறக்கியது என்று கேட்டு வாங்குங்கள்.