ஆட்கொணர்வு மனுவும் பதினெட்டு வயதும்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஒரு ஹேபியஸ் கார்பஸ் போட்டா பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே, வீட்டை விட்டுப் போன மகளின் பெற்றோர் வக்கீல் ஆபீஸ் படியேறுகிறார்கள். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் ஹேபியஸ் கார்பஸ் என்கிற ஆட்கொணர்வு மனுவின் வேலை. பதினெட்டு நிறைந்த பெண், "நானாகத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டால் மனு அதோடு முடிந்தது.

மனு அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகும். பெற்றோர் மட்டுமல்ல, கணவரோ நண்பரோகூடப் போடலாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தந்த சி.எஸ்.ஆர். ரசீதை இணையுங்கள். வயதுக்கு ஆதார் மட்டும் போதாது. பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ வேண்டும். யார் பிடியில் இருக்கிறார், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். பல மனுக்கள் சறுக்குவது இங்கேதான். வெறுமனே ஆளைக் காணோம் என்றால், அது போலீஸ் தேட வேண்டிய வழக்கு.

"பையனுக்கு இன்னும் 21 ஆகலையே" என்பார்கள். திருமண வயது வேறு, பதினெட்டில் வரும் மேஜர் வயது வேறு. பையனுக்கு 21 ஆகாத ஒரு கேரள ஜோடி சேர்ந்து வாழத் தடையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கு: சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரளப் பெண்ணுடையது. தந்தை போட்ட ஆட்கொணர்வு மனுவில் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் திருமணத்தையே ரத்து செய்திருந்தது. இந்த மனுவில் அதற்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

பெண்ணின் விருப்பத்தை எங்கே கேட்பது? அப்பாவும் மாமாவும் முறைத்துக்கொண்டு நிற்கும் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய வாக்குமூலத்துக்கு, என்னைக் கேட்டால், காகித மதிப்புகூடக் கிடையாது. நீதிபதி தனியே பேச வேண்டும், மனத்தை மாற்றுவதற்காகக் கவுன்சலிங் அனுப்பக் கூடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 25 வயதுப் பெண் ஒருவர், தன் வாழ்க்கை இணையான பெண்ணுடன் போகவே விருப்பம் என்றார். குடும்பத்தார் குறுக்கிடக் கூடாது என்று சொல்லி நீதிபதிகள் அனுப்பிவைத்தார்கள்.

உயர் நீதிமன்றம் வரை போக வசதியில்லாதவர்கள், அடைத்து வைத்திருக்கும் இடம் தெரிந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 100ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் தேடுதல் வாரன்ட் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள்.