கையெழுத்துக்கு முன்னால்

(கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிறு மாலை, வாசிகசாலை மண்டபத்தில் பேசியது. பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போதே கவனித்தேன். முன்வரிசையில் ஓர் அம்மா மடியில் ஒரு ஷொப்பிங் பேக்கை வைத்துக்கொண்டு இருக்கிறார். அதற்குள் இன்னொரு பேக். அதற்குள் நாலாக மடித்த கடிதங்கள். புதுக்கடை நீதிமன்ற வாசலில் தினமும் இப்படிப் பத்துப் பைகளையாவது பார்ப்பேன். மழையில் நனையக்கூடாது, பஸ்ஸில் தொலையக்கூடாது என்று அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "தெரியாது மிஸ், சைன் வைக்கச் சொன்னாங்க, வச்சேன்" என்பார்கள்.

நான் சட்டத்தரணி என்பதால் சட்டத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். அரசியலமைப்பில் எத்தனை அத்தியாயம் என்று சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க மனமில்லை. நான் பேச வந்தது பேனையைப் பற்றி. என்னிடம் வருகிறவர்களில் பலருடைய வழக்கு நீதிமன்றப் படி ஏறும் முன்பே தோற்றுப்போயிருக்கும். எங்கே தோற்றது என்று பின்னால் தேடிக்கொண்டு போனால், வாசிக்காத ஒரு தாளில் கையெழுத்து வைத்த இடத்தில் போய் நிற்கும்.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். ஊர் ஹற்றன் பக்கம். 19 வயதில் புறக்கோட்டைக்கு வந்து ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். ஒன்பது வருட வேலை. கடைக்கு மேலேயே படுக்கை, முதலாளி வீட்டிலிருந்து சாப்பாடு. ஒருநாள் கணக்கில் ஏதோ குறைந்தது. களவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வா தம்பி, இதுல ஒரு சைன் வை" என்றார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வைத்தான். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவனுடைய இடத்தில் நின்று வேறொரு பையன் துணி மடித்துக்கொண்டிருந்தான். இவன் கையெழுத்து வைத்தது ராஜினாமாக் கடிதம்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். இவன் என்னிடம் வந்தது எட்டாவது மாதத்தில். "நீயே எழுதிக் கொடுத்துட்டியே, இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்று கூட்டாளிகள் சொன்னதை நம்பி இருந்துவிட்டான். கடிதம் ஒருபக்கம், ஆறு மாதம் ஒருபக்கம், இரண்டு கதவும் மூடிவிட்டன.

ஆனால் கூட்டாளிகள் சொன்னது முழுக்கச் சரியில்லை. இதை நன்றாகக் கேளுங்கள், கடைகளில் வேலை செய்கிற தம்பிமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். நிறுத்தினாலும் கொடுக்கவேண்டும், நீங்களாகவே விலகினாலும் கொடுக்கவேண்டும். ஆகவே அந்த ராஜினாமாக் கடிதம் அவனுடைய நாலரை மாதச் சம்பளத்தைப் பறிக்க முடியவில்லை. அப்புறம் ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி என்று இன்னொன்றுக்கு வேறாக 3 வீதம், அதுவும் முதலாளியின் பணம். இவனுக்குச் சில வருடம் கழித்திருக்கிறார்கள், கட்டவில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தோம். சுணங்கிக் கட்டினால் முதலாளி மேலதிகப் பணமும் கட்டவேண்டும் என்பது சட்டம். பணம் வந்தது. வேலை வரவில்லை. அந்த வேலைதான் அவனுக்குப் பெரிது, அதை அவன் முகத்தில் பார்த்தேன்.

சரி, அடுத்தது பொலிஸ் நிலையம். இங்கேதான் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

வடகொழும்பில் ஒரு தோட்டம், அதாவது வீடுகள் நெருக்கி இருக்கிற குடியிருப்பு. தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்து ஓர் அம்மாவின் மகனுக்கு மண்டை உடைந்துவிட்டது. அம்மா முறைப்பாடு கொடுக்கப் போனார். தமிழில் சொன்னார். எழுதிய உத்தியோகத்தருக்குத் தமிழ் கொஞ்சம், அம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம். அந்த உத்தியோகத்தர் கெட்டவரல்ல, அம்மாவை உட்காரவைத்து, தண்ணீரும் கொடுத்துத்தான் எழுதினார். அம்மா கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். வழக்கு வந்தது. அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி, "என் மகனை இரும்புக் கம்பியால் அடித்தார்கள்" என்று சொன்னார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி ஒரேயொரு கேள்வி கேட்டார்: "கம்பி என்று பொலிஸில் சொன்னீர்களா?" சொன்னேன் என்றார் அம்மா. முறைப்பாட்டை வாசித்தார்கள். இரு தரப்புக்கும் வாய்த்தர்க்கம் ஏற்பட்டுக் கைகலப்பாகியது என்று இருந்தது. கம்பி இல்லை. அம்மா பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. கூண்டை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேன் மிஸ், கம்பின்னு சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 109ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இலக்கம் மறந்தாலும் பரவாயில்லை, சங்கதியை மறக்கவேண்டாம். நீங்கள் வாயால் சொல்கிற முறைப்பாட்டை, நீங்கள் சொல்கிற மொழியிலேயே எழுதவேண்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். உங்களாலும் எழுத முடியாவிட்டால்தான் வேறு மொழியில் எழுதலாம். அதற்கும் ஏன் என்று காரணத்தைப் பதியவேண்டும், உங்களுக்கு விளங்குகிற மொழியில் திருப்பிச் சொல்லவேண்டும்.

நீங்கள் கேட்டு வாங்குகிற சலுகை இல்லை இது, சட்டம் அவருக்கு இட்ட வேலை. ஆகவே சண்டை பிடிக்கவேண்டாம், குரலை உயர்த்தவேண்டாம். "ஐயா, நான் தமிழில் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனத்தை வீட்டில் சொல்லிப் பழகுங்கள். எழுதத் தெரியாதவர் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் சார்பில் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வருவதற்கும் 2012ஆம் ஆண்டிலிருந்து விதிகள் இருக்கின்றன. "லோயர் எல்லாம் இங்கே வரக்கூடாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தெரிந்த ஒருவர் என்று சொன்னேன். அது உங்கள் பிள்ளையாக இருக்கக்கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நம்முடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறார்கள், நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள், சந்தோஷம். கடைக்கு, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ஒருமுறை ஒரு பொலிஸ் நிலையத்தில், பத்து வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை தாய்க்கும் உத்தியோகத்தருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்பா அம்மாவுக்குச் செய்ததை அந்தப் பிள்ளை சொல்லவேண்டும். பாதியில் நிறுத்திவிட்டது. தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டது. தாயும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் எழும்பிப் போய்விட்டார்கள். நான் வேறு ஒருவருடைய அலுவலாகப் போயிருந்தேன். பின்னால் ஓடிப் போய்ப் பேசியிருக்கவேண்டும், பேசவில்லை. அந்தக் குறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தத் தாயிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில், இனி வன்முறை செய்யக்கூடாது என்று தடுக்கிற பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். ஆபத்து என்று நீதவான் கண்டால் விசாரணை முடியும்வரை இடைக்காலக் கட்டளை கொடுப்பார். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம்வரை இருக்கும். இதற்கு விவாகரத்து வழக்குப் போடத் தேவையில்லை, புருஷனை மறியலுக்கு அனுப்பவும் தேவையில்லை. பல பெண்கள் இந்த இரண்டுக்கும் பயந்துதான் பேசாமல் இருக்கிறார்கள். 1938 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். பிள்ளைகளுக்கு 1929.

நீதிமன்றத்துக்குள் போனபிறகும் மொழிப் பிரச்சினை விடாது. கொழும்பில் நீதிமன்ற மொழி சிங்களம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் நீங்கள் தமிழில் வழக்குத் தொடரலாம், தமிழில் ஆவணம் கொடுக்கலாம் என்கிறது. நடக்கிற மொழி விளங்காவிட்டால் அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்பும் தரவேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று தவணை போனதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு தவணை என்றால் ஒருநாள் கூலி போச்சு. அது தெரிந்துதான் ஆட்கள் "பரவாயில்லை, விளங்குது" என்று தலையாட்டிவிடுகிறார்கள். விளங்காமல் தலையாட்டுவதும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பதும் ஒன்றுதான். அந்த மொழிபெயர்ப்பாளர் பதவிகளை நிரப்புங்கள் என்று கேட்பது சட்டத்தரணிகளின் வேலை மட்டுமல்ல, வாக்குக் கேட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நீங்களும் கேளுங்கள்.

இன்னொரு திகதியையும் சொல்லவேண்டும். அரச அதிகாரி ஒருவர் உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், காரணம் சொல்லாமல் கைது செய்தால், அடித்தால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடவேண்டும். ஒரே ஒரு மாதம். காயம் ஆறுவதற்கே அந்த மாதம் போய்விடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையிலேயே நடக்கவேண்டும். கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாமல் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள். அவர்களுடைய இலக்கம் 1996.

மத்தியஸ்த சபையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. பணம் இல்லை, லோயர் இல்லை, இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். சின்னக் கடன், வேலித் தகராறு என்றால் எனக்கு அது மிகவும் பிடித்த இடம். இணங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இணங்காவிட்டால் அப்படியென்று சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், அங்கேயும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வையுங்கள்.

இதையெல்லாம் சனங்களிடம் எப்படிக் கொண்டுபோவது? ஹோட்டல் மண்டபத்தில் பதாகை கட்டி, ஃபைலும் பேனையும் கொடுத்து நடத்துகிற கருத்தரங்குகள் பலவற்றில் நானும் பேசியிருக்கிறேன். அங்கே வருகிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். தெரியவேண்டியவர் அந்த நேரம் கடையில் நிற்பார். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் விட்டு வருகிறவர்களைப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற தாய்மாரைப் பாருங்கள். சட்டம் அங்கே போகவேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த பெரியவர் இரண்டு பேர் போதும். சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை. "அவசரப்படாதீங்க, முதல்ல வாசிப்போம்" என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

காசு இல்லையே என்று பின்வாங்கவும் வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும். வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கேட்கிற தாபரிப்பு வழக்கு, வீட்டு வன்முறை வழக்கு எல்லாம் அங்கே எடுக்கிறார்கள். புதுக்கடையிலேயே இருக்கிறது. போகும் வழியில் யாராவது மறித்து, "நல்ல லோயர் இருக்கிறார், வாங்க" என்றால் நிற்காமல் நடவுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. பின்னால் மூன்று மேசை போட்டிருக்கிறோம். என்னோடு வந்த இளம் சட்டத்தரணிகள் நாலு பேரும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வாசிப்பார்கள். இன்றைக்கு யாருக்கும் புத்திமதி சொல்லப்போவதில்லை. நீங்கள் வைத்திருக்கிற கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுவோம், எந்தத் திகதிக்குள் எங்கே போகவேண்டும் என்று எழுதித் தருவோம்.

அம்மா, முன்வரிசையில் இருக்கிற நீங்கள்தான் முதலில். பையை அவிழுங்கள்.